கண்ணீர் வந்தால் பாடம் புரிந்தது என்று அர்த்தமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை இந்த ஆண்டு கவிதைகள் வழியே நடத்தினேன். இரண்டு மாணவிகள் அழுதுவிட்டார்கள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அடுத்த முறை, வதைமுகாமில் அடைபட்ட சிறுவனாகத் தங்களை நினைத்து நாட்குறிப்பு எழுதச் சொல்லலாமா? இல்லை, கவிதையையே விட்டுவிடட்டுமா?
- ஓர் ஆசிரியை

பதில்: கவிதையை விடாதீர்கள். நாட்குறிப்பை விட்டுவிடுங்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளை, "பசிக்கிறது, அம்மாவைக் காணோம்" என்று நாலு பத்தி எழுதுகிறது. நீங்கள் திருத்திப் பத்துக்கு எட்டு போடுகிறீர்கள். உறுத்தவில்லையா? வாஷிங்டனில் இருக்கும் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலும், இப்படிப் பாதிக்கப்பட்டவராக நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் வேண்டாம் என்றே சொல்கிறது. மணி அடித்ததும் வெளியே ஓடிவிடலாம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, முகாம் வாழ்க்கை தெரிந்துவிட்டது என்ற பொய்யான நினைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

கவிதைக்கு முன்னால் ஒரு வகுப்பை வெறும் வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். 1935-இல் நூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1941 செப்டம்பரில், ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் ஒவ்வொருவரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. அதே ஆண்டு இறுதியில் செக் மண்ணில் டெரெசின் கெட்டோ, அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதி, தொடங்கியது. இவற்றைப் பலகையில் எழுதி, அழிக்காமல் விட்டுவையுங்கள்.

மறுநாள் பாவெல் ஃப்ரீட்மன் எழுதிய 'பட்டாம்பூச்சி' கவிதையைக் கொடுங்கள். 1942 ஜூன் 4-ஆம் தேதியிட்டு டெரெசினில் எழுதியது. அங்கிருந்த குழந்தைகளின் ஓவியங்களோடு சேர்ந்தே பெரும்பாலும் அச்சாவதால், ஏதோ சின்னப் பையன் எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு அப்போது 21 வயது. 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். இதையும் சொல்லிவிடுங்கள், உருக்கத்துக்காக வயதைக் குறைக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், பிறகு அவர்கள் மனத்துக்குள் வாசிக்கட்டும். (பின்னணியில் வயலின் இசை வேண்டவே வேண்டாம்.) பிறகு ஒரே ஒரு கேள்வி: "இந்தக் கவிதையில் எது இல்லை?" துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை, பிணம் இல்லை. கண்கூசும் மஞ்சளில் கடைசியாகப் பார்த்த ஒரு பட்டாம்பூச்சி, முற்றத்தில் பூத்த மரம், ஏறக்குறைய ஏழு வாரமாக அடைபட்டிருக்கும் ஒருவன், அவ்வளவுதான். யாராவது ஒரு பிள்ளை பலகையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த நட்சத்திரமும் மஞ்சள்தானே?" என்று கேட்கலாம். உடனே "சபாஷ், அதேதான்" என்று முடித்துவிடாதீர்கள். கவிஞர் அதை நினைத்துத்தான் எழுதினார் என்பதற்குக் கவிதைக்குள் என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. யூதக் கவிஞர் பவுல் செலான் வதைமுகாமைப் பற்றி எழுதிய 'மரண ஃபியூக்' (ஃபியூக் என்பது ஒரு மேற்கத்திய இசை வடிவம்) கவிதையை ஜெர்மன் பள்ளிகளில் இசை வடிவம், உருவகம் என்று பிரித்து மேய்ந்தார்கள். தாயும் தந்தையும் முகாம் வாழ்வில் மாண்டுபோன கவிஞர் அவர். தன் கவிதை பாடப்புத்தகச் சரக்கானதில் நொந்து, பின்னாளில் அதை மேடையில் வாசிப்பதையே தவிர்த்தார். அணி இலக்கணத்தை வேறு கவிதையில் நடத்திக்கொள்ளலாம்.

சிரித்த பையன்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கனமான விஷயத்தை எங்கே வைப்பதென்று தெரியாத வயது. பெரும்பாலும் அது கூச்சம்தான். திட்டாமல் அடுத்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள். அழுத பிள்ளைகளிடம்தான் நான் கூடுதல் கவனம் வைப்பேன். வீட்டில் நடந்த ஒரு சாவோ அடியோ அந்தக் கவிதை வழியே கிளறப்பட்டிருக்கலாம். வகுப்பு முடிந்ததும் தனியாக விசாரியுங்கள். அடுத்த முறை, "முடியாதவர்கள் வெளியே போய் உட்காரலாம், காரணம் சொல்ல வேண்டாம்" என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

தேர்வில் ஆண்டுகளையும் சட்டங்களையும் கேளுங்கள். கவிதைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த வருடமே அதற்கு நோட்ஸ் வந்துவிடும்.