புள்ள இருந்தா ரூம் இல்லன்னு சொன்னது யாரு?

கேள்வி: அக்கா, ஓசூர் சிப்காட் பக்கம் எங்களுக்கு பத்து ரூம் லைன் வீடு இருக்கு. ஒடிசா பொண்ணு ஒருத்தி புருஷனோட தங்கி கம்பெனிக்கு போறா. புள்ளகுட்டி இருந்தா ரூம் தர்றதில்லன்னு சொல்லித்தான் விட்டோம். இப்ப பாத்தா ஏழு மாசமாம், துப்பட்டாவ போத்திக்கிட்டே மறைச்சிட்டா. ஆஸ்பத்திரிக்கே போகல, கால் வீங்கி கெடக்கு, தலைவலின்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போடறா. ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில விழும். காலி பண்ண சொல்லிடலாமா? - ஒரு வாசகி, ஓசூர்.

பதில்: கால் வீக்கமும் தலைவலியும் சேர்ந்து இருக்குன்னா இன்னைக்கே பிரஷர் பாக்கணும். பிரஷர் ஏறி ஜன்னி, அதான் வலிப்பு, கண்டா தாயும் போகும் புள்ளயும் போகும். உங்க மெயில் வந்தவுடனே இதை மட்டும் தனியா அனுப்பிட்டேன், மீதியை இங்க எழுதறேன்.

மறைச்சிட்டான்னு கோவப்படறீங்க. ஏன் மறைச்சான்னு அதுக்கு முந்தின வரியிலயே நீங்களேதான் எழுதியிருக்கீங்க. வயித்துல இருக்கறது வெளிய தெரிஞ்சா ரூம் போயிடும், ரூம் போனா வேலையும் போயிடும்னு பயந்துதானேம்மா அவ நர்சம்மா கண்ணுல கூட படாம இருந்திருக்கா? ஏழு மாசம் ஒரு ஊசி இல்ல, ஒரு ஸ்கேன் இல்ல, இரும்பு மாத்திரை இல்ல. பாஷை தெரியாதது ஒரு காரணம்னா உங்க கண்டிஷன்தான் பெரிய காரணம். லைன் வீட்டுக்காரங்க கிட்ட இருந்து இந்த மாதிரி எனக்கு எத்தனையோ வந்தாச்சு, எல்லாருக்கும் ஒரே கவலை, தலையில விழுந்துடுமேன்னு. மாசாமாசம் வாடகையை கையில வாங்கறப்ப அவ நம்ம வீட்டு ஆளு, வயிறு தெரிஞ்சா மட்டும் வெளியாளா? நம்ம பென்னாகரம் சனங்க பெங்களூருல கட்டட வேலைக்கு போய் தகர ஷெட்டுல புள்ள பெத்து வளக்கறாங்களே, அங்க எவளாச்சும் ஒருத்தி சுடுதண்ணி வெச்சு குடுத்தாதானே நம்ம பொண்ணு பொழைக்கும்.

ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட போங்க. புருஷன்காரன் லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்கன்னு தயங்குவான், அவனையும் இழுத்துட்டு போங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில செக்கப், ஸ்கேன், பிரசவம், ஆபரேஷனே ஆனாலும் காசு கிடையாது, வெளி மாநிலத்து பொண்ணுன்னாலும் அப்படித்தான். உங்க ஏரியா நர்சம்மாகிட்ட சொல்லி கர்ப்பத்தை பதிவு பண்ணி தர்ற ஆர்சிஎச் நம்பர் போட சொல்லுங்க, அது இல்லன்னா பொறந்த புள்ளைக்கு பர்த் சர்டிபிகேட் வாங்க அலையணும். ராத்திரி வலி வந்தாலோ ஜன்னி வந்தாலோ 108.

கம்பெனி விஷயம். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா 26 வாரம் சம்பளத்தோட லீவு சட்டத்துலயே இருக்கு, கான்ட்ராக்ட்ல இருந்தாலும் உண்டு. தொழிலாளர் காப்பீட்டுக்குன்னு ஈஎஸ்ஐ புடிக்கறாங்களான்னு சம்பள சீட்டை வாங்கி பாருங்க, புடிச்சா பிரசவ பணம் அந்த வழியா வரும், அதுக்கு கணக்கு வேற. பிரசவம் ஆனப்புறம் அடுத்த புள்ள தள்ளிப்போட காப்பர் டி வேணுமா, மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கலாமான்னு நர்சம்மா கேப்பாங்க. அது அவ முடிவு, அதுல மட்டும் நீங்க வாயே தொறக்காதீங்க.

இப்ப போய் அவ ரூம் கதவை தட்டுங்க. காலி பண்ண சொல்ல வரலன்னு முதல்ல சொல்லுங்க, அப்பதான் தொறப்பா.