வேம்புக்குக் கீழே நிற்கும் கன்றுகளைப் பிடுங்கலாமா?

கேள்வி: எங்கள் வளவில் அப்பப்பா காலத்து வேம்பு ஒன்று நிற்கிறது. போன மாரிக்கு அதற்குக் கீழே பாய் விரித்த மாதிரிக் கன்றுகள் முளைத்துவிட்டன. அப்பா கை வைக்க விடுகிறார் இல்லை, 'தாய் மரம் பார்த்துக்கொள்ளும், நீ உன் வேலையைப் பார்' என்கிறார். மாமாவோ, பெரிய மரத்துக்குக் கீழே எதுவும் உருப்படாது, எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுக் கூட்டு, மறுகா பார்ப்போம் என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: இரண்டு பேரும் சரி, காலம்தான் வேறு. அப்பா சொல்வது முதல் கோடைக்கு, மாமா சொல்வது அதற்குப் பிறகுக்கு.

எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்து, மணல் எப்படியென்று உங்களுக்கே தெரியும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் மேலே நிற்காது, இறங்கிப் போய்விடும். அதன்மேல் யூன், யூலையில் மேற்கிலிருந்து கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால், வேர் ஒரு சாண்கூட இறங்காத கன்று வெட்டவெளியில் தாக்குப்பிடிப்பது பெரிய பாடு. மரநிழலில் மண் அவ்வளவு கொதிக்காது, ஈரம் மெதுவாகத்தான் போகும், காற்றும் கொஞ்சம் அடங்கும், விழுந்த சருகு மண்ணை மூடிக்கொள்ளும். தாய் மரம் பார்த்துக்கொள்கிறது என்று அப்பா சொல்வது இவ்வளவுதான். மரம் வேண்டுமென்று செய்கிற வேலையில்லை, ஆனால் பலன் உண்மை.

ஒன்று கேட்கிறேன், தினமும் காலையில் அந்த மரத்தடியைக் கூட்டுகிறீர்களா? நம் ஊரில் கூட்டாத வளவென்றால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், தெரியும். ஆனாலும் கன்று நிற்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சருகைக் கூட்டி எரித்தால் மரம் கொடுத்த பாதுகாப்பில் பாதியை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

சரி, மாமாவின் பக்கத்துக்கு வருவோம். கன்றுக்கு வயது போகப்போக அதே நிழல் வெளிச்சப் பற்றாக்குறையாக மாறும். மேலே இருக்கிற இலைகள் நல்ல வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கீழே விடும், கன்று வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நெடுத்து நிற்கும். கீழே தண்ணீருக்கும் பசளைச் சத்துக்கும் பெரிய மரத்தின் வேரோடு போட்டி. இதற்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970 இலும் கொனெல் என்பவர் 1971 இலும் வெப்பமண்டலக் காடுகளைப் பற்றித் தனித்தனியே ஒரே மாதிரியான கருத்தைச் சொன்னார்கள்: ஒரு மரத்தைத் தாக்குகிற பூச்சியும் பூஞ்சணமும் அந்த மரத்தடியில்தான் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், ஆகவே அதன் சொந்தக் கன்றுகள் அங்கே அதிகமாகச் சாகும், தூரத்தில் விழுந்த விதைக்குத்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். எல்லா மரத்துக்கும் ஒரே அளவாக இது பொருந்தாது. என்றாலும் காகமும் வௌவாலும் வேப்பம்பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போடுவது மரத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்று இதிலிருந்து விளங்கும். வேம்பின் நிழலை வேறு இனக் கன்றுக்குக் கொடுப்பது கெட்டித்தனம், ஒரு நாவல் கன்றை ஓரமாக வைத்துப் பாருங்கள்.

ஆக, இந்தக் கோடைக்குப் பிடுங்க வேண்டாம். ஒக்டோபர் கடைசியில், நவம்பரில் மாரி மழை நன்றாகப் பிடித்த பிறகு, ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் தண்டு திடமாக நிற்கிற சிலதை மட்டும் எடுங்கள். முதல்நாளே தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியைத் தள்ளிப் போட்டு மண்ணோடு தோண்ட வேண்டும். வேம்பின் ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போகும், இடுப்பளவு வளரவிட்டுப் பிறகு எடுத்தால் அது அறுந்துதான் வரும். நட்ட கன்றுக்கு மேற்குப் பக்கமாக ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள், அடுத்த கச்சான் வரும்போது அதற்குத் தாய் மரம் அதுதான். ஆடு வருமென்றால் கம்பி வலையும் வேண்டும், கசப்பென்று ஆடு வேம்பை விடாது. மிச்சக் கன்றுகள் என்னாகும் என்று கவலைப்பட வேண்டாம், பெரும்பாலானவை தானாகவே போய்விடும்.

கேள்வி: தாய் மரம் மண்ணுக்குள்ளால் தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறதாம், பூஞ்சண நூல்தான் வழியாம். யூடியூப்பில் பார்த்துவிட்டு என் மகள் பள்ளியில் பேசப் போகிறாள். வாப்பா, உண்மைதானே என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: பேசட்டும், ஆனால் கொஞ்சம் அளந்து பேசச் சொல்லுங்கள். வேரோடு பூஞ்சணம் கூட்டுச் சேர்ந்து வாழ்வது உறுதியான விஷயம், பூஞ்சணம் பொஸ்பரசு போன்ற சத்தைக் கொடுக்கும், மரம் சீனியைக் கொடுக்கும். 1997 இல் சுசான் சிமார்ட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கனடாக் காட்டில் ஒரு மரக்கன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காபன் போவதை அடையாளமிட்ட, அதாவது எங்கே போகிறதென்று பின்தொடரக்கூடிய, காபனை வைத்துக் காட்டினார்கள். கவனியுங்கள், அவை பேர்ச் கன்றும் டக்ளஸ் ஃபேர் கன்றும், இரண்டு வேறு இனம், தாயும் பிள்ளையுமில்லை. பிறகு கதை பெரிதாகிப் பெரிதாகித் தாய்ப்பால் அளவுக்குப் போய்விட்டது. 2023 இல் அதே துறையைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் இதுவரை வந்த சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, பெரிய மரம் தன் கன்றுகளை இனங்கண்டு கூடுதலாகக் கொடுக்கிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

மகளுக்கு வேறொரு நல்ல உதாரணம் தரலாம். சில மரங்கள் இரவில் ஆழத்துத் தண்ணீரை இழுத்து மேல் மண்ணில் கசிய விடும், அந்த ஈரத்தைப் பக்கத்தில் நிற்கிற சிறு செடிகள் குடிக்கும். அமெரிக்காவில் சீனி மேப்பிள் மரத்தில் இதை அளந்து 1993 இல் வெளியிட்டார்கள். பாசத்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல் எவ்வளவு அழகான விஷயம்!

கேள்வி: வாவிக் கரையில் கண்டல் கன்று நட எங்கள் கழகம் யோசிக்கிறது. பெரிய கண்டலுக்குப் பக்கத்தில் நடுவதா, வெளியான இடத்தில் நடுவதா?
(வாசகர், வாழைச்சேனை)

பதில்: கண்டலில் ரைசோபோரா வகைகள் தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட காய் போல வளர்ந்த பிறகுதான் விழும். பல தண்ணீரில் மிதந்து இடம் தேடும். அவை தாமாக வந்து ஊன்றிய இடத்தைப் பாருங்கள், அங்கே தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அடர்ந்த நிழலுக்குள் வேண்டாம், பெரிய மரத்தின் ஓரத்தில், அலை அடிக்காத பக்கமாக நடுங்கள். வெறும் சேற்றுத் திடலில் வரிசையாக நட்டுப் படம் எடுப்பது சுலபம்தான். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததும் முக்கிய காரணங்கள். மாடு இறங்குகிற பக்கமென்றால் முதலில் வேலி, பிறகுதான் கன்று.