நடந்த பிள்ளை விழத் தொடங்கினால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 2 வயது. 13 மாதத்தில் நடந்தவன் இப்போது நுனிக்காலில் நடந்து அடிக்கடி விழுகிறான். எம்.ஆர்.ஐ. ஸ்கானில் மூளையின் வெண்சடப்பொருள் பழுது, பரம்பரை நோயான லூக்கோடிஸ்ட்ரோபியாக இருக்கலாம் என்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை. நான் கட்டியது மாமியின் மகனை. அதுதான் காரணமா? கைக்குழந்தையும் இருக்கிறது.
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் திடீரென வருவதுதான் இந்நோயின் வழக்கம். இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு முதலில் பார்க்க வேண்டியது மெட்டாக்குரோமட்டிக் வகை. ஆரில்சல்பட்டேஸ் ஏ என்ற நொதியம் இல்லாததால் சல்பட்டைட் என்ற கொழுப்பு தேங்கி, நரம்புநாரின் மயலின் கவசத்தை அழிக்கிறது.

தாயிடமும் தகப்பனிடமும் பழுதான பரம்பரையலகு ஒவ்வொன்று இருக்கும். இருவரும் சுகமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. ‘மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது’ என்பது பிழையான கணக்கு. மச்சான் கலியாணம் நோயை உண்டாக்குவதில்லை. உங்கள் அப்பப்பாவோ அப்பம்மாவோ சுமந்த ஒரே பழுது உங்கள் தகப்பன் வழியாக உங்களுக்கும், மாமி வழியாக கணவருக்கும் வந்து சேரும் வாய்ப்பைத்தான் அது கூட்டுகிறது. பிறத்தியில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆகவே மாமியாரோடு சண்டை வேண்டாம்.

நொதியப் பரிசோதனையோடு மட்டும் நிற்காதீர்கள். நொதியம் குறைந்தும் முழுச் சுகமாய் வாழ்பவர்கள் உண்டு. சிறுநீரில் சல்பட்டைட், பரம்பரையலகுப் பரிசோதனை இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு உறுதி. நொதியத்தை இரத்தத்தின் வெண்குழியங்களில் அளக்கிறார்கள். மட்டக்களப்பில் எடுத்த இரத்தம் வெக்கையில் கிடந்து தாமதமாகக் கொழும்புக்குப் போனால் குழியங்கள் பழுதாகி அளவு பொய்யாகக் குறையும். ஆய்வுகூடத்தோடு நாளைப் பேசி வைத்தே எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் போயா விடுமுறைக்கு முதல்நாளும் கூடாது. பிள்ளையையே கூட்டிப்போவது இன்னும் நல்லது.

கைக்குழந்தையை அறிகுறி வரும்வரை காத்திராமல் இப்போதே சோதியுங்கள். பிள்ளையின் சொந்தக் குருத்துக்கலங்களை (ஸ்டெம் செல்) திருத்தி மீண்டும் ஏற்றும் சிகிச்சையை ஐரோப்பிய ஒன்றியம் 2020இலும் அமெரிக்கா 2024இலும் அனுமதித்தன. இவ்வளவு சிறுவயதில் தொடங்கும் வகைக்கு அறிகுறி தோன்றுமுன்னரே அதைக் கொடுக்க வேண்டும். விலையோ பல மில்லியன் டொலர். நடை குலைந்துவிட்ட மூத்தவனுக்கு அது பொருந்தாது. ‘ஸ்டெம் செல்’ விளம்பரத்தை நம்பிக் காணியை விற்காதீர்கள். தசை இறுகாமல் தினமும் கால் நீட்டும் பயிற்சியும் கணுக்கால் தாங்கியும்தான் அவனுக்கு உதவும்.

அடுத்த பிள்ளைக்கு யோசித்தால், கருத்தரிக்க முன்னரே மரபியல் ஆலோசனை பெறுங்கள். 11 வாரமளவில் நச்சுக்கொடித் திசுவில் சோதிக்கலாம். ஆனால் இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது.

கேள்வி: இதே நோயுள்ள மகளுக்கு 4 வயது. சோறு இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஏன்?
– சம்மாந்துறை வாசகி

பதில்: தண்ணீர் ஓடும் வேகத்துக்கு அவளது தொண்டைத் தசை ஈடுகொடுக்கவில்லை. கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்துக்குக் கஞ்சியைத் தடிப்பாக்குங்கள். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, தேக்கரண்டியில் பாதியாகக் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டு 30 நிமிடம் படுக்க வைக்காதீர்கள். சாப்பிட்டதும் குரல் களகளத்தாலோ அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகியுங்கள். அப்போது வயிற்றுக் குழாய் பற்றி டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். மெலிந்து போகும்வரை ஒத்திவைப்பவர்களே அதிகம். தசை இறுக்கத்துக்கு பக்லோபென் மருந்து கொடுத்தால், முடிந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.