வலிப்பு மாத்திரையோடு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கலாமா?

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் தம்பிக்கு, மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். அவருக்கு எழுதிக் கொடுத்த எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை, வழக்கமான அளவில் வலிப்பைக் கூட்டுவது அரிது. செர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையும் அப்படித்தான். வலிப்பு உள்ளவர்களுக்குத் மருத்துவர்கள் தவிர்க்கப் பார்க்கும் மனச்சோர்வு மாத்திரைகள் புப்ரோபியானும் குளோமிப்ரமினும். "இந்த மாத்திரை எல்லாமே வலிப்பை இழுத்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பத்து நாளாக ஆரம்பிக்காமலே வைத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இன்றே மருத்துவரை ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. அவர் லெவெடிரசெட்டம் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வலிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு அதுவே எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும்.

1. பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து, லெவெடிரசெட்டம் தொடங்கிய தேதியையும் அளவு கூட்டிய தேதியையும் குறியுங்கள்.

2. பக்கத்திலேயே, தம்பி பேச்சைக் குறைத்தது, தூக்கம் கெட்டது, சிடுசிடுப்பு வந்தது எப்போது என்று எழுதுங்கள்.

இந்த இரண்டுக்கும் இடையே சில வாரங்களே இருந்தால் அந்தத் தாளை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்களாக லெவெடிரசெட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம், "இருந்து என்ன பயன்" என்பதுபோல் தம்பி பேசினால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.