வெளியிலிருந்து நெக்ஸ்ட்கிளவுட் திறக்கவில்லை: ரூட்டரின் வான் ஐபியைப் பாருங்கள்

பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, கோப்புகளைச் சொந்தமாகச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை ஓட்டுகிறீர்கள். வீட்டு வைஃபையில் திறக்கிறது. ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் மொபைல் டேட்டாவில் திறக்கவில்லையா? சர்வரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தந்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு எண்கள் 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநாட். அதாவது, இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரூட்டரையே எட்டாது; எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நானும் இது தெரியாமல் இரண்டு நாள் ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

மாதக் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். ஆனால் வீட்டார் மட்டும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் டெயில்ஸ்கேல் போதும்; உங்கள் சாதனங்களை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும் விபிஎன் செயலி அது. லேப்டாப்பிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் உள்ளே போங்கள். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், அது பாதுகாப்பும்கூட. டெயில்ஸ்கேல் லேப்டாப்புக்குத் தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும், குழம்ப வேண்டாம். அந்த முகவரியை நெக்ஸ்ட்கிளவுடின் நம்பகமான டொமைன் பட்டியலில் (trusted_domains) சேர்த்தால்தான் உள்ளே விடும்.

அப்புறம், பழைய லேப்டாப் என்பதால் அதன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் உடனே அணைத்துக் கழற்றிவிடுங்கள்.