மூதூரில் 5,000 கண்டல் கன்று: நடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அக்கா, உங்கள் சங்கத்துக்கு வாழ்வாதாரப் பணம் வேண்டுமென்றால் 3 மாதத்தில் மூதூரில் 5,000 கண்டல் (உப்புநீர்க் கரையில் வளரும் அலையாத்தி மரம்) நட வேண்டும் என்று உதவி நிறுவனம் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். உடனே கையெழுத்துப் போடாதீர்கள்.

சுனாமிக்குப் பிறகு கிண்ணியாப் பக்கம் நானும் கூலிக்கு நட்டேன். சேற்றுத் திடலில் வரிசையாக நட்டோம், படம் எடுத்தார்கள், போனார்கள். சில மாதத்தில் தண்டு முழுக்கக் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டும் ஓட்டுப் பூச்சி) ஒட்டி, கன்றெல்லாம் சாய்ந்துவிட்டது. எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கண்டல் பிழைக்காது. வற்றும்போது வேர் மூச்சுவிட வேண்டும். இலங்கையில் அப்போது நட்ட பல இடங்களில் இதே கதிதான்.

உங்கள் ஊர்க் கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆறு கலக்கும் பக்கம் போய்ப் பாருங்கள். வீதியோ மண்மேடோ நீரோட்டத்தை மறித்திருந்தால் முதலில் மதகைத் திறக்கக் கேளுங்கள். பக்கத்தில் கண்டல் மரம் இருந்து, தண்ணீர் வந்து போனால் விதை தானாக முளைக்கும். காணி யாருடையது என்று பிரதேச செயலகத்திலும் வனத் திணைக்களத்திலும் விசாரியுங்கள்.

அப்புறம், அங்கே விறகு பொறுக்கி இறால் பிடிக்கும் பெண்களை மறந்துவிடாதீர்கள். நட்ட இடத்துக்கு வேலி போட்டால் அவர்கள் அடுப்புக்கு என்ன செய்வார்கள்? ஒப்பந்தத்தில் கன்றுக் கணக்கை எடுத்துவிட்டு, 3 வருடப் பராமரிப்புக் கூலியை எழுதச் சொல்லுங்கள்.