அம்புலன்ஸ் ஓட்ட எந்த லைசென்ஸ்? கேட்டவர்களுக்குப் பதில்

எங்கட ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வேன் அம்புலன்ஸ் கிடைச்சிருக்கு. என்னட்ட பி வகுப்பு இருக்கு, ஓட்டலாமா அண்ணன்? (ஆரையம்பதி)

ஓட்டக்கூடாது தம்பி. பி வகுப்பு 3,500 கிலோ வரையான, சாரதியோடு சேர்த்து 9 பேருக்கு மேல் இருக்கை இல்லாத கார், வேன்களுக்கு. அம்புலன்ஸ் பார்க்க அதே வேன்தான், ஆனால் நம் இலங்கையின் வகுப்புப் பிரிப்பில் அது சி1, அதாவது 17,000 கிலோ வரையான லொறிகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பலரும் பிழைவிடுகிற இடம் இதுதான். நோயாளியோடு போகும்போது விபத்து நடந்து, சாரதிக்கு உரிய வகுப்பு இல்லையென்று தெரியவந்தால் பொலிசும் நீதிமன்றமும் ஒருபக்கம், காப்புறுதிப் பணம் மறுபக்கம் என்று சங்கமே மாட்டிக்கொள்ளும். வண்டியை வாங்கும் முன்பே சாரதியைத் தேடுங்கள். லைசென்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் வகுப்புக்கு வகுப்பு திகதி போட்டிருக்கும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

ஜனாஸா (மையித்து) ஏற்றும் வாகனத்துக்கும் இதுவா நானா? (காத்தான்குடி)

ஓம், அதுவும் சி1தான்.

பெரிய லொறிக்கு? (கல்முனை)

எடையைப் பாருங்கள். 17,000 கிலோவைத் தாண்டினால் சி, அதற்குள் என்றால் சி1. சுமையோடு சேர்ந்த எடையைத்தான் கணக்கெடுக்க வேண்டும், வெறும் வண்டியை அல்ல.

ஆட்டோவும் லேண்ட் மாஸ்டரும் ஓட்டுகிறேன், நேரே கனரகத்துக்குப் போகலாமா? (திருக்கோவில்)

ஆட்டோ பி1, லேண்ட் மாஸ்டர், அதாவது இரு சக்கரக் கை உழவு இயந்திரம், ஜி1. அவற்றை வைத்து லொறிக்குத் தாவ முடியாது, முதலில் பி எடுத்துக் கொஞ்சக் காலம் ஓடுங்கள். கனரக அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும், இலகு ரகத்துக்கு 8 வருடம். கண் பார்வை குறைந்தவர் இரவில் கல்முனை வீதியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது, அதனால் அந்தப் பரிசோதனையைச் சடங்காக எடுக்காதீர்கள்.

அவசரமென்றால் என் காரிலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு வேகமாகப் போகலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம் தங்கச்சி, அது உங்களையும் நோயாளியையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய இலவசச் சேவை அது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. சாரதியோடு பயிற்சிபெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருவார், வழியிலேயே கவனிப்பு தொடங்கிவிடும். அழைக்கும்போது வீட்டு இலக்கத்தை மட்டும் சொல்லாமல் பக்கத்துக் கோயிலையோ பள்ளிவாசலையோ பாடசாலையையோ சொல்லுங்கள், ஒருவரைச் சந்தியில் நிற்க வையுங்கள்.